கழிக்க வேண்டிய நாற்பத்தொன்று

ஒரு நொடியைக் கோடியால் வகு.
வந்ததை மறுபடி கோடியால் வகு.
அந்தத் துணுக்கில் இரண்டரை:
லேசர் எரியும் நேரம் அவ்வளவுதான்.
அதற்காக மகுரேலேயில்
மார்ச் முழுக்க விழித்திருந்தோம்.

திபேரியுவின் வைரக் கண்
சுண்டுவிரல் நகத்தைவிடச் சிறியது.
எட்டு மாத வேலை.
லேசர் இலக்கைத் தொட்டதும்
அறை முழுக்க ஒரு மின்துடிப்பு பாயும்;
அலைக்காட்டித் திரையில் வெறும் முள்வேலி.
துகள் வந்து சேரும்போது
கண் கூசி மூடிக் கிடக்கும்.
செப்புத் தாள் சுற்றினான்.
கேபிளை நீட்டினான், வளையம் கோத்தான்,
யாரையோ திட்டினான்.
இருபத்துமூன்றாவது முறை
கதவுப் பூட்டு தானாகத் திறந்துகொண்டது.
கண் திறக்கவில்லை.

என் தகடுகளுக்கு மின்சாரம் தெரியாது.
மூக்குக்கண்ணாடிக்கு வார்க்கும் அதே பிளாஸ்டிக்.
அடி வாங்கும், வாய் திறக்காது.
எழுபது டிகிரி காஸ்டிக் சோடாவில்
ஆறு மணி நேரம் ஊறினால்தான்
எங்கே பட்டது என்று காட்டும்.
அதுவரை தாழ்வாரத்தில் நின்று
சூரியகாந்தி விதை கொறிப்பேன்.

போரான்மேல் புரோட்டான் மோதினால்
மூன்று ஆல்ஃபா பிறக்கும். காகிதத்தில்.
நுண்ணோக்கியில் அவை கிண்ணங்கள்.
தூசியும் கிண்ணம்போல் நடிக்கும்;
குவியத்தைக் கொஞ்சம் இறக்கு,
அடியில் ஒளிப்பொட்டு மினுங்கினால் நிஜம்.

இருநூற்றுப் பன்னிரண்டு.
திபேரியு நாற்காலியை இழுத்துப் போட்டு
மறுபடி எண்ணச் சொன்னான்.
இருநூற்றுப் பன்னிரண்டு.
அவன் சிரித்ததை அந்த மாதத்தில்
அப்போதுதான் பார்த்தேன்.

அப்புறம் ஒப்பீட்டுத் தகடு.
லேசர் அறையை எட்டிக்கூடப் பாராதது;
நிலவறை இழுப்பறையில் கிடந்தது.
அதிலும் நாற்பத்தொன்று.
மண்ணிலிருந்து ரேடான் கசிந்து
சுவர் விரிசலில் ஏறி
இருட்டில் ஒவ்வொன்றாய்க் கொத்தியிருக்கிறது,
எங்களைக் கேட்காமல்,
ஒரு யூரோ செலவில்லாமல்.

கண்ணாடியைக் கழற்றி
விளக்குக்கு நேரே பிடித்தேன்.
பதினோரு வருடமாக இதே நிலவறை,
இதே மூக்கு, இதே பிளாஸ்டிக்.
சோடாவில் போட்டால் எத்தனை காட்டுமோ.
போடவில்லை. வேறு ஜோடி இல்லை.

நூற்று எழுபத்தொன்று என்று எழுதினேன்.
பக்கத்தில், கூட்டல் கழித்தல் பதினாறு.
திபேரியு அதற்குள்
புதுச் சுருள் செப்புத் தாளைப்
பல்லால் கிழித்துக்கொண்டிருந்தான்.