ஏழாம் அத்தியாயத்தைத் தின்ற மான்

கூரை ஒழுகி நனைந்த தாள்களை
முற்றத்துக் கொடியில் கவ்வி போட்டுக்
காயவிட்டுவிட்டுப் பாண் வாங்கப் போனேன்.
திரும்பி வந்தால் படலை திறந்து கிடக்கிறது.
கோட்டைப் பக்கமிருந்து வந்த புள்ளிமான் ஒன்று
ஏழாம் அத்தியாயத்தை மென்றுகொண்டிருக்கிறது.

பதினொரு மாத எழுத்து.
துரத்தவில்லை, பார்த்துக்கொண்டு நின்றேன்.
நூற்றுநாற்பத்திரண்டாம் பக்கத்தை மட்டும்
பாதி மென்று துப்பிவிட்டது.

இந்த ஊர் மான்கள்
பஸ் நிலையத்தில் பழத்தோல் தின்னும்.
தேர்தல் சுவரொட்டியைப் பசையோடு உரித்துத் தின்னும்,
எல்லாக் கட்சியையும் ஒரே பசியோடு.
அப்படியொரு நடுநிலைக்காகத்தான்
எனக்கு நாலு வருசம் சம்பளம் தந்தார்கள்.

வெளிநாட்டுக் கண்காணிப்பாளர்களின் வெள்ளை ஜீப்பில்
பின் இருக்கை என்னுடையது.
மூதூர் லோஞ்சில் தேசிக்காயை மணந்தபடி
குமட்டலையும் வினைச்சொற்களையும்
ஒன்றாக அடக்கிக்கொண்டு போவேன்.
ஒருவர் மேசையில் அடித்து "பச்சைப் பொய்!" என்பார்.
நான் ஆங்கிலத்தில் மெதுவாகச் சொல்வேன்:
இவருக்குக் கிடைத்த தகவல் சற்று வேறாக இருக்கிறது.
யாரும் எழுந்து போகாத ஒரு மத்தியானத்தைத்
தேத்தண்ணி ஆற ஆற நீட்டுவது:
ராஜதந்திரத்தில் நான் படித்தது அவ்வளவுதான்.

கட்டைபறிச்சானில் ஒருத்தி
அடையாள அட்டைப் பிரதியொன்றை
மடியிலிருந்து எடுத்து விரித்தாள்.
"இருக்கானா இல்லையா, அத மட்டும் கேளு புள்ள."
கேட்டேன்.
அதிகாரி மூன்று நிமிடம் பேசினார்:
ஆணை, வரம்பு, மேலிடம், ஆழ்ந்த கவலை.
நான் தமிழில் சொன்னேன்: "விசாரிக்கினமாம்."
அவள் அவரைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தாள்.
"அந்தாள் இவ்வளவு நேரம் கதைச்சுது.
நீ ஒத்தச் சொல்லுத்தானே சொன்னாய்.
மிச்சத்த எங்க வச்சிருக்காய்?"

அகராதி இப்போது மேசைக்காலுக்கு முட்டு.
சொல் தேடுவதென்றால் மேசையைத் தூக்கவேண்டும்;
அதனால் தெரிந்த சொற்களாலேயே எழுதுகிறேன்.
மற்றப் புத்தகங்களில் பாதி கறையானுக்கு,
மீதி இரவல் போனவை. கேட்டால் உறவு கெடும்.
கேட்காமலே கெட்டதும் உண்டு.

கொழும்பிலிருந்து பதிப்பாளர் எடுத்தார்:
"முடிவில கொஞ்சம் வெளிச்சம் வைக்கேலாதா?"
"பரிசீலிக்கிறேன்" என்றேன்.
மாட்டேன் என்பதற்கு
நான் கற்ற மிக நீளமான சொல் அது.

என் முருங்கை பக்கத்து வளவுக்குச் சாய்ந்து
மயிர்க்கொட்டிகளை ஜெசீமாவின் கொடித்துணிகளில் உதிர்த்தது.
அவள் ஒரு வார்த்தை சொல்லவில்லை.
நோன்பு மாதம், அந்தியில்,
மதிலுக்கு மேலால் ஒரு கோப்பை கஞ்சி வந்தது.
அடுத்த நாள் காலை கிளையை வெட்டினேன்.
கோப்பையை வெறுமையாகக் கொடுக்கலாமா?
எட்டு முருங்கைக்காய் வைத்து நீட்டினேன்.
மேசை இல்லை, கொடி இல்லை,
படமெடுக்க யாருமில்லை.
மூன்று வருசமாக மீறப்படாத ஒப்பந்தம்.

மான் போய்விட்டது, நன்றி மாதிரி
நாலு புழுக்கையை முற்றத்தில் விட்டு.
எச்சில் ஈரத்தோடு அந்தப் பக்கத்தை எடுத்துப் பார்த்தேன்.
அதில்தான் கட்டைபறிச்சான்காரி பேசுகிறாள்,
நான் எழுதிக் கொடுத்த அழகான வசனங்களை,
கடலோடு, நிலாவோடு,
ஒரு மூச்சுத் திணறலும் இல்லாமல்.
மானுக்குத் தெரிந்திருக்கிறது.

ஒழுங்கையில் ஹோர்ன் சத்தம். சவிரிமுத்துவின் மீன் பெட்டி.
அரைக் கிலோ பாரை.
ஆயிரம் ரூபாய்த் தாளுக்குச் சில்லறை இல்லை அவனிடம்.
"மிச்சம் நாளைக்குத் தாறன் அக்கா,
எழுதி வையுங்கோ."

கைக்கு எட்டிய தாள் அதுதான்.
பின்பக்கம் திருப்பி எழுதினேன்:
பாரை, அரைக் கிலோ. மிச்சம் வரவேண்டும்.

பேனையை மூடவில்லை.
மீன் செதிலோடு நாறத் தொடங்கியது.
அதன் கீழே,
அவள் கேட்டபடியே,
ஒரு சொல்லும் திருத்தாமல்