தடைக்காலம்

ஐஸ் கம்பெனியின் பின்சுவர்தான்
என் அறைக்கும் சுவர்.
மண்டபத்தில் இவ்வளவு குறைந்த வாடகை எதற்கென்று
முதல் இரவே தெரிந்தது:
கம்ப்ரஸர்.

பகலில் ரீசார்ஜ் கடை.
படகு ஜிபிஎஸ்ஸுக்கு பேட்டரி மாற்றுவேன்,
கல்யாணத்துக்கு செட் போட ஆள் குறைந்தால் அதுவும்.
சாயங்காலம் மைக்கை ஆணுறைக்குள் கட்டி
ஜெட்டியடியில் இறக்குவேன்.
(மருந்துக்கடைக்காரர் இப்போதெல்லாம் சிரிப்பதில்லை.)
கீழே இறால்கள் விரல் சொடுக்கும்,
ஆயிரம் பேர் எதற்கோ அவசரப்படுவதுபோல.

இரவு முழுக்க கம்ப்ரஸரை அழிப்பது.
ஐம்பது ஹெர்ட்ஸில் வெட்டினால்
நூறில் எட்டிப் பார்க்கும்.
நூறில் வெட்டினால் நூற்றைம்பதில்.
எட்டு மாதம்.

சித்திரை பிறந்த மறுநாள்
விசைப்படகுகளைக் கட்டினார்கள்.
கம்பெனியும் நின்றது.
விளக்கை அணைத்துவிட்டு
முதல்முறையாகச் சுத்தமான அறையில் போட்டுக் கேட்டேன்.
இறால் ஒரு பக்கம், தண்ணீர் ஒரு பக்கம்.
சட்டியில்லாத குழம்பு.

ஆபரேட்டர் ஜஸ்டஸ் கேரம் ஆடிக்கொண்டிருந்தார்.
"நாலு நிமிஷம் ஓட்டணும்ணே."
"ஐஸுக்கா?"
"சத்தத்துக்கு."
சிவப்புக் காயைப் போட்டுவிட்டுத்தான் எழுந்தார்.

இம்முறை மைக்கை
அதன் வயிற்றிலேயே ஒட்டினேன்.
என் பல்வரை நடுங்கியது.

அணைத்த பிறகு பதிவேட்டைத் திறந்தார்.
ஓட்டம்: நாலு நிமிடம்.
ஐஸ்: இல்லை.
காரணம் என்ற கட்டத்தில்
பேனா கொஞ்சநேரம் நின்றது.
என்னைப் பார்த்தார்.
நானும் அந்தக் கட்டத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.