நாலு பரப்பு, ஒன்பது குழி

கொக்குவிலில், தண்டவாளத்துக்கு மேற்கே,
நாலு பரப்பு ஒன்பது குழி.
காணி அம்மா தந்த சீதனம்.
மேலே நிற்கும் வீடு
என் இரவுக் கடமைகளால் ஆனது.
ஒன்பதாம் வார்டில் பதினெட்டு வருடம்,
அறைக்கு ஒரு கடன்.

விற்கப் போகிறேன் என்று வாய் திறந்த நாளிலிருந்து
எல்லோருக்கும் அதில் பங்கு இருக்கிறது.

தரகர் குகானந்தன்
மோட்டார் சைக்கிளை நிறுத்தாமலே கதைப்பார்.
"மிஸ்ஸி, பார்ட்டி ரெடி. காசும் ரெடி.
நீங்கள் மட்டும்தான் ரெடியில்லை."

முதல் பார்ட்டி கிழக்கு வாசல் கேட்டது.
இரண்டாவது, கனடாவிலிருந்து, கைபேசிக்குள் இருந்தபடி
மலசலகூடத்தை மூன்று தரம் காட்டச் சொன்னது.
அங்கே அதிகாலை. சாரத்தோடு இருந்தார்.
மூன்றாமவர் விலையே கேட்கவில்லை.
மதிலுக்கு மேலால் எட்டி,
"பக்கத்து வளவு ஆர் ஆக்கள்?" என்றார்.
"தபால் கந்தோரில் வேலை செய்கிறவை" என்றேன்.
"அது சரி. ஆர் ஆக்கள்?"
போய்க் கேற்றைத் திறந்து விட்டேன்,
அவர் வெளியே போவதற்கு.
குகானந்தன் ஒரு கிழமை என்னோடு கதைக்கவில்லை.

வாடகைக்கு இருப்பவர் தவநேசன் மாஸ்டர்.
முன்விறாந்தையில் பன்னிரண்டு வாங்கு,
கணித வகுப்பு, ஞாயிறும் உண்டு.
எழும்பச் சொன்னால்,
"பிள்ளையளுக்கு ஓ.எல். முடியட்டும், மிஸ்ஸி."
ஓ.எல். முடிந்தால் ஏ.எல்.
அதுவும் முடிந்தால் அடுத்த ஓ.எல்.
பரீட்சை முடிகிற ஊரா இது?
வீடு பார்க்க வருகிற ஒவ்வொருவரையும்
கிணற்றடி வரை கூட்டிக்கொண்டு போய்,
மிகுந்த அக்கறையோடு,
"வீடு சோக்கான வீடு.
தண்ணிதான் கொஞ்சம் உப்பு" என்பார்.

நொத்தாரிசு அரியரத்தினம் கண்ணாடியைக் கழற்றினார்.
"உறுதி சுத்தம். தோம்பும் சுத்தம்.
மனுசன் எங்கை?"
பாரிஸில். பதினொரு வருடமாக.
அங்கே அவருக்கு இன்னொரு சமையலறை இருக்கிறது.
"தேசவழமை, பிள்ளை.
காணி உம்மடை. ஒப்பம் அவற்றை."

ஏழு நிமிடக் குரல்பதிவொன்று அனுப்பினேன்,
இருமலை எல்லாம் அடக்கி.
மூன்றாம் நாள் ஒரு சொல் வந்தது.
"அரைவாசி."
பதினொரு வருடத்தில் அவர் எனக்குச் சொன்ன
மிகத் தெளிவான சொல்.

நேற்றுப் பின்னேரம்,
வெளியேறும்படி எழுதிய கடிதத்தோடு போனேன்.
மாஸ்டர் தேத்தண்ணி குடிக்க உள்ளே போயிருந்தார்.
முப்பது பிள்ளைகள் குனிந்திருந்தார்கள்.
பலகையில் அவருடைய அழகான கையெழுத்து:

ஒரு பெண் நாலரைப் பரப்புக் காணியைப்
பரப்பு இருபத்தைந்து இலட்சப்படி விற்கிறாள்.
தரகுக் கூலி நூற்றுக்கு இரண்டு.
மிகுதியில் அரைவாசியைக் கணவனுக்குக் கொடுத்தால்
அவளிடம் எஞ்சுவது எவ்வளவு?
(வீடு பழையது. அதன் பெறுமதியைப் புறக்கணிக்க.)

குகானந்தனின் வாயை
அவன் மோட்டார் சைக்கிளைப் போலவே
யாரும் நிறுத்த முடியாது.

கடிதம் கையில் ஈரமாகிக்கொண்டிருந்தது.
முன்வாங்குப் பிள்ளையொருத்தி,
நான் யாரென்று தெரியாமல்,
கொப்பியை நீட்டினாள். "விடை சரியோ, மிஸ்?"
ஐம்பத்தாறு இலட்சத்து இருபத்தையாயிரம்.
"தரகைக் கழிக்க மறந்திட்டீர்" என்றேன்.
அவள் நாக்கைக் கடித்துக்கொண்டு அழித்தாள்.
ஐம்பத்தைந்து இலட்சத்து
பன்னிரண்டாயிரத்து ஐந்நூறு.
சரி போட்டுக் கொடுத்தேன்.

பிறகு கிணற்றடிக்குப் போனேன்.
ஒரு வாளி அள்ளி
கையில் ஏந்திக் குடித்தேன்.
இத்தனை காலம் எத்தனை பேரிடம்
சத்தியம் பண்ணியிருப்பேன்.

கொஞ்சம் உப்புத்தான்.