பச்சைக் கம்பி

கட்டபெட்டு இலைக் கொள்முதல் நிலையத்திலிருந்து
சாக்கில் சுற்றி ஜீப்பில் வந்தது.
"வியாழக்கிழமை இடிக்கு அப்புறம் மூச்சில்லை" என்றார் போஜன்.
மீட்டருக்கு முன்னால் எனக்கு மூக்கு.
கருகல் வாடை இல்லை,
ஈரச் சணலும் தேயிலைத் தூளும்தான்.

பச்சைக் கம்பியையும் கறுப்பையும்
ஒரு பேப்பர் கிளிப்பால் இணைத்தேன்.
சப்ளையின் விசிறி சுற்றியது.
"நல்லாத்தானே இருக்கு?"

சும்மா சுற்றுவதற்கு என்ன.
பழைய டிஸ்க் ஒன்றைச் சுமையாகக் கொடுத்தேன்.
பன்னிரண்டு வோல்ட் பத்தரைக்கு இறங்கி
அங்கேயும் நிற்காமல் நடுங்கியது.

வேறு சப்ளை மாட்டினேன்.
போர்டில் ஒரு விளக்கு, அவ்வளவுதான்.
பிராசஸர் ஓரம் மூன்று கெப்பாசிட்டர் உச்சி உப்பி,
ஒன்று கசிந்து,
அதன் அடியில்
சூடு தேடி வந்து செத்த எறும்புகள்.

எது முதலில் போனது என்றார்.
தெரியவில்லை.
இடியோ, எர்த் இல்லாத பிளக்கோ,
ஆறு மழைக்காலம் அணைக்காமல் ஓடியதோ.

டிஸ்க்கைக் கழற்றி என் மெஷினில் கோத்தேன்.
ஓடியது.
கணக்கு திறந்தது:
மாதி, இருநூற்றுப் பதினாலு கிலோ, பாக்கி.
ஹாலன், பாக்கி.
கெப்பி, ஆகஸ்டிலிருந்தே பாக்கி.

போஜன் திரைக்குக் குறுக்கே வந்து நின்றார்.
"இதுவும் போயிடுச்சுன்னு
எழுதித் தர முடியுமா?"

பில் புத்தகத்தை எடுத்தேன்.
சப்ளை போச்சு.
போர்டு போச்சு.
டிஸ்க் என்று எழுதி நிமிர்ந்தேன்.
வாசல்வரை மஞ்சு ஏறியிருந்தது,
அவர் ஜீப்பைக் காணோம்.
குனிந்து, கார்பன் தாளிலும் பதியும்படி
அழுத்தி எழுதினேன்:
நன்றாக இருக்கிறது.