எர்த்து

கப்பலூர் டோல்கேட்டுக்கு முன்னால்
சோலைராசு ஷெட்டில் பதினோரு நாளாக
பானட்டைத் திறந்துகொண்டு நின்றது
இருளப்பன் சாரின் வெள்ளைக் கார்.

பழைய எஞ்சின் விருதுநகர் தாண்டி
தண்ணியில்லாமல் ஓடி இறுகிப்போனது.
உக்கடத்திலிருந்து வேறொன்று வந்தது லாரி பார்சலில்,
மேலே சாக்கு, சாக்கின்மேல் யாரோ வைத்த எலுமிச்சம்பழம்.
தூக்கி உட்கார்த்தி மாட்டியதும்
ஒரே தட்டில் ஸ்டார்ட்.
காதர் வடை வாங்க ஓடினான்.

வடை வருவதற்குள் தெரிந்துவிட்டது.
டி-யில் போட்டால் முதலில் ஒரு உதை.
அப்புறம் மூன்றாம் கியர்,
மூன்றாம் கியர் மட்டும்.
பாலத்தில் ஏறச் சொன்னால்
நிறைமாசக்காரி மாடிப்படி ஏறுகிற மாதிரி
நின்று நின்று மூச்சு வாங்கியது.

போனில் கேட்டவர்கள் எல்லாம்
வண்டியைப் பார்க்காமலே சொன்னார்கள்:
"கியர்பாக்ஸ் போச்சுண்ணே. எண்பத்தஞ்சாயிரம்."

சாருக்கு இடது கால் சூம்பிய கால்.
கிளட்ச் இல்லாத வண்டி என்பதற்காகவே
கடன் போட்டு வாங்கியது.
இந்தப் பதினோரு நாளும்
திருமங்கலத்தில் பஸ் பிடித்து
சேடபட்டி பள்ளிக்கூடத்தில் இறங்குகிறார்.
கண்டக்டர் விசில் ஊதும்போது
ஒரு கால் இன்னும் படியில் இருக்கும்.

பன்னிரண்டாம் நாள் என்னைக் கூப்பிட்டார்கள்.
மரியபுஷ்பம். ஒயரிங்.

ஆயில் பார்த்தேன்.
சிவப்புதான், ரோஸ்மில்க் ஆகவில்லை,
கருகல் வாசமும் இல்லை.
சொலினாய்டுகள் மீட்டரில் ஒழுங்காகப் பேசின.
சாக்கெட்டுகளைக் கழற்றி
பல் டாக்டர் மாதிரி ஒவ்வொரு பின்னாகத் தட்டினேன்.
மத்தியானம் ரெண்டு மணி. தகரக் கூரை.
"பாக்ஸுதான்க்கா, விட்ருங்க" என்றான் சோலைராசு.
விட்டிருப்பேன்.

எழுந்திருக்கக் கை ஊன்றியது கியர் கேபிளில்.
சுட்டது.

எஞ்சினே அன்று ஓடவில்லை.
காதர்தான் விளையாட்டாக
செல்ஃப் அடித்துக்கொண்டிருந்தான்.
லீவரை இழுப்பதற்கென்று இருக்கிற கம்பி
எதற்குச் சுட வேண்டும்?

மீட்டரின் ஒரு முள் பேட்டரி மைனஸில்,
மறு முள் எஞ்சின் உடம்பில்.
"இப்ப அடிடா."
ரெண்டு புள்ளி மூணு.
புள்ளி ரெண்டையே தாண்டக் கூடாத இடம்.

போன கரண்டுக்குத் திரும்பி வரப் பாதை இல்லை.
கிடைத்த சந்திலெல்லாம் நுழைந்து
கடைசியில் அந்தக் கேபிள் வழியாக
தோலை உருக்கிக்கொண்டு வந்திருக்கிறது.
கியர்பாக்ஸின் மூளைக்கு
வந்த கணக்கு ஒன்றும் நம்பும்படி இல்லை.
மூன்றைப் பிடித்துக்கொண்டு விட மறுத்துவிட்டது.

"பழைய எஞ்சினுக்குப் பின்னால பட்டை ஒண்ணு இருந்துச்சா?
செம்புப் பின்னல், ஒரு சாண் நீளம்?"
சோலைராசு காதரைப் பார்த்தான்.
எஞ்சினோடு சேர்த்து எடைக்குப் போட்டாயிற்று,
கீழவாசலில், கிலோ கணக்கில்.
அன்றைய வடையும் அந்தக் காசில்தான்.

வெல்டிங் கேபிளில் ஒரு முழம் வெட்டினேன்.
இரண்டு முனையிலும் லக்கு வைத்து நசுக்கி,
சேஸிஸில் பெயிண்டை
வெள்ளை இரும்பு தெரியுமட்டும் சுரண்டி,
பன்னிரண்டாம் நம்பர் ஸ்பானரால் முறுக்கினேன்.
காதர் அடித்தான்.
பூஜ்யம் புள்ளி பூஜ்யம் எட்டு.

ரசீதில் "ஒயர் ஒரு முழம், நூற்றிருபது" என்று எழுதிவிட்டு
கூலி என்ற இடத்தில் பேனாவை வைத்தபடியே
கொஞ்ச நேரம் நின்றான் சோலைராசு.
அந்தக் கட்டத்தை அடித்துவிட்டுக் கிழித்துக் கொடுத்தான்.

ஓட்டிப் பார்க்க நான்.
சார் பக்கத்து சீட்டில், பையை மடியில் வைத்துக்கொண்டு.
திருமங்கலம் ரோட்டில்
வண்டி தானாக மாற மாற
என் இடது கால் ஒவ்வொரு தடவையும்
இல்லாத கிளட்சை மிதித்தது.

சார் அதைப் பார்த்துக்கொண்டே வந்தார்.
"எனக்கு அந்தப் பழக்கமே வந்ததில்ல" என்றார்.

அதற்குள் நான்காம் கியர்.
மூன்று எப்போது வந்து போனதென்று
இரண்டு பேருமே கவனிக்கவில்லை.