நூற்றுக்கு முப்பது

நாகர்கோவில் ஆட்சியர் அலுவலகம், இரண்டாவது மாடி.
ஓடாத மின்விசிறிக்கு நேர் கீழே என் மேசை.
தில்லியிலிருந்து சென்னை வழியாக வந்த படிவத்தில்
கடைசிக்கு முந்தைய கட்டம்:
இச்செலவில் பெண்களுக்கான பங்கு, விழுக்காட்டில்.

குறும்பனைக்கு மேற்கே ஒரு துறை.
கடலரிப்புத் தடுப்புச் சுவர், கருங்கல்,
பருவநிலைத் தகவமைப்பு நிதி,
நாலு கோடியே இருபது லட்சம்.

சுவரில் ஏது ஆண், ஏது பெண் என்று
பக்கத்து மேசை தாணுலிங்கத்திடம் கேட்டேன்.
'முப்பதுன்னு போடும்மா.
குறைஞ்சா திருப்பி அனுப்புவான்,
கூடினா விளக்கம் கேப்பான்.'

போட்டேன்.
ஒரு மூன்று, ஒரு சுழி.
தேநீர் ஆறுவதற்குள்
ஒன்றேகால் கோடி பெண்களுக்குப் போய்ச் சேர்ந்தது.

அந்தத் தாள் ஆறு மாதத்தில்
கடற்கரைக்கும் போய்ச் சேர்ந்தது.
தகவல் உரிமை மனு போட்டவள் மெற்றில்டா.
சாளை விற்கிறவள்,
பத்தாம் வகுப்புக் கணக்கில் தொண்ணூற்றொன்று.
எட்டுப் பெண்களோடு மாடியேறி வந்தாள்.
அவர்களுக்கு முன்னால் மீன்வாடை வந்தது.
யாரோ ஜன்னலைத் திறந்தார்கள்.

'நூறு கல்லுல முப்பது எங்களுக்குன்னு எழுதியிருக்கு மேடம்.
எந்த முப்பதுன்னு காட்டித் தந்தா போதும்.'

நான் சிரித்தேன்.
அவள் சிரிக்காமல் நின்றாள்.

பின்னாலிருந்து பெர்பெத்து சொன்னாள்:
'செவரு வருமுன்ன அங்க மணலு கெடந்தது.
நெத்தோலி காயப்போட்டோம்.
கரமடி இழுத்தா எங்களுக்கும் ஒரு கை மீனு.
இப்ப கல்லு கெடக்கு, கல்லுக்கெடையில எலி கெடக்கு.
ரோட்டுல காயப்போட்டா பஸ்ஸு ஏறுது.
கடலு சூடாகி மீனு தூரம் போச்சாம்,
ஆம்பிளையளுக்கு டீசல் மானியம் உண்டு.
தூரத்து மீனு வந்து சேரும்போ
பாதி செத்து நாறுது.
எங்க ஐஸுக்கு யாரு மானியம் தாறா?'

ஐஸ்.
படிவத்தை இரண்டு முறை புரட்டினேன்.
அந்தச் சொல்லுக்குக் கட்டம் இல்லை.

நான் தக்கலைக்காரி.
கடலை ஞாயிற்றுக்கிழமை பார்க்கிறவள்,
மீனைச் சட்டியில் பார்க்கிறவள்.
செலவுச் சான்றிதழுக்குப் புகைப்படம் வேண்டுமென்று
ஒரு செவ்வாய்க்கிழமை ஜீப்பில் அனுப்பினார்கள்.

சுவர் முழுக்கச் சுண்ணாம்பு எண்கள்.
ஒன்று முதல் முப்பது வரை.
பிறகு எழுபது வெறுங்கல்.
மறுபடி ஒன்று.
எண் விழுந்த கல்லுக்குக் கல்
கிழிந்த வலையை இழுத்துக் கட்டி
அதன்மேல் நெத்தோலி, வெள்ளிக் காசாய்.
ஒப்பந்தக்காரரின் ஆள் கத்திக்கொண்டிருந்தான்.
இருபத்திரண்டாம் கல்லில் உட்கார்ந்து
காக்கை விரட்டிய அருள்சீலி
'சர்க்காரு கணக்கு, அங்க போய்க் கேளு' என்றாள்.
என்னைக் காட்டினாள்.

படம் எடுத்தேன்.
'பயனாளிகள்' என்று தலைப்பிட்டு இணைத்தேன்.
அந்த ஒரு பக்கத்தில் மட்டும் நான் பொய் எழுதவில்லை.

ஆடியில் கடல் ஏறியது.
அதிகாலை நாலரைக்குத் தொலைபேசி.
காற்றின் இரைச்சலுக்குள் மெற்றில்டா:
'மேடம், பதினேழு கல்லு போச்சு.
அதுல பதினொண்ணு எங்க கல்லு.
முப்பது பங்குன்னா
அஞ்சுதானே போவணும்?'

கணக்கு சரிதான்.
நான் படுக்கையில் உட்கார்ந்து
கைபேசியிலேயே வகுத்துப் பார்த்தேன்.
செலவில் முப்பது.
சேதத்தில் அறுபத்தைந்து.

சேத அறிக்கை வேறு படிவம்.
நீளம், அகலம், மதிப்பீடு, ஒப்பம்.
யாருடைய கல் என்று
அது கேட்பதில்லை.
ஓரத்தில் பென்சிலால்
பதினொன்று என்று எழுதினேன்.
அதன் கீழே: ஐஸ்.

தாணுலிங்கம் எட்டிப் பார்த்தார்.
'அழிச்சிரும்மா. மேல போற தாளு.'

இழுப்பறையைத் திறந்தேன்.
ரப்பர் இருந்தது.
மூடினேன்.