மூன்று க

இரவு ஒன்பதுக்கும் பர்பாங்க்கில் எங்கள் விளக்கு எரிகிறது.
கதாநாயகன் எதை மிதித்து வழுக்க வேண்டும்?
வாழைப்பழத் தோல் பழசு என்கிறான் டெரெக்.
க வந்தால் சிரிப்பு வரும்,
இந்த அறையின் இலக்கணம் அது.
கேக், குக்கீ, பிக்கிள்
பலகையில் ஏறின, அழிந்தன.

கொழுக்கட்டை என்றேன்.
மூன்று க இருக்கிறது, எண்ணிக்கொள்ளுங்கள்.
பீட்சாவைக் கீழே வைத்துவிட்டு
வாய்க்குள் உருட்டிப் பார்த்தார்கள்.
ழகரத்தில் கால்வைத்த ஐந்து பேரும்
வரிசையாக விழுந்தார்கள்.

மறுநாள் தாளில் இருந்தது டம்ப்ளிங்.
நாயகன் பதினோரு தடவை விழுந்தான்.
முட்டிக்கு ஐஸ் வைத்தார்கள்.
சிரிப்பைப் பிறகு ஒட்டிக்கொள்ளலாமாம்.

காப்பி இயந்திரத்தருகே டெரெக் மட்டும்
சுற்றிப் பார்த்துவிட்டுக் கேட்டான்:
நேற்று சொன்னாயே, கொளுக்...
கொலுக்...

காப்பி என் சட்டையில்.